பேத்தலாஜிக்கல் லையரும் புளுகரும்: இரண்டும் ஒரே சொல்தானா?

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு சொல்லை முன்னிட்டுச் சச்சரவு மூண்டு, மதியச் சாப்பாடு ஆறிப்போகும் வரை நீடித்தது. சொல்லறிந்தவர்கள் தீர்த்துவைக்க வேண்டும் என்பதற்காக இங்கே வைக்கிறேன்.

என் பெரியப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் லேத் மெஷினில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய வாழ்க்கையில் நடந்தவற்றைக் காட்டிலும் நடக்காதவையே அதிகம். நந்திமலை அடிவாரத்தில் சைக்கிள் பம்பு ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு சிறுத்தையைத் துரத்தியடித்தது அவற்றுள் தலையாயது. நான் சிறுவனாக இருந்தபோது அந்த விலங்கு காட்டுப்பூனையாக இருந்தது. எனக்கு மீசை அரும்பிய காலத்தில் அது சிறுத்தைக் குட்டியானது. இப்போது அது ஒரு கண் இல்லாத முழுச் சிறுத்தை. பேச்சின் நடுவே அவர் காப்பித் தம்ளரைத் தரையில் வைத்து, அது ஆடாமல் நிற்கிறதா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்த்தால், சிறுத்தை பாயப்போகிறது என்று பொருள். குடும்பத்தில் எல்லோருக்கும் அந்த இடம் தெரியும். குழந்தைகள் அதற்கு முன்பே சுவரோரம் ஒதுங்கிவிடுவார்கள்.

என் அக்காவின் மகள் கல்லூரியில் உளவியல் படிக்கிறாள். அன்று அவள், "பெரிய தாத்தா ஒரு பேத்தலாஜிக்கல் லையர்", அதாவது பொய் சொல்வதே நோயாகிவிட்டவர், என்று சொல்லிவிட்டாள். என் அம்மாவுக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அவர் புளுகர் என்பது அல்சூருக்கே தெரியும். அதற்காக அவரை நோயாளி ஆக்காதே" என்றார். அவளோ, அண்டப்புளுகன் என்று நாம் சொல்வதற்கான அறிவியல் பெயரைத்தான் தான் சொன்னதாக வாதிட்டாள்.

எனக்கு எழுந்த கேள்விகள் இவை. அந்த ஆங்கிலச் சொற்றொடரும் நம்முடைய புளுகரும் ஒன்றா? ஒன்றில்லை என்றால் நோயைக் குறிக்கத் தமிழில் என்ன சொல்வது? புளுகு என்ற சொல் எங்கிருந்து வந்தது?

பன்னேருகட்டா வாசகன் எழுதியது:

புளுகுக்கும் புழுகுப் பூனைக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா? இரண்டும் இல்லாத மணத்தைப் பரப்புகின்றன என்று என் நண்பர் விளக்கம் சொன்னார்.

சொற்கிடங்கு எழுதியது:

பன்னேருகட்டா நண்பருக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: தொடர்பு இல்லை. புனுகு என்றும் வழங்கும் அந்த வாசனைப் பொருளில் வருவது சிறப்பு ழகரம்; நம் சொல்லில் வருவது ளகரம். புழுகு உண்மையிலேயே மணக்கும் பொருள் என்பதால் உங்கள் நண்பரின் விளக்கம் பொருளளவிலும் நிற்காது.

இனி அல்சூர் நண்பரின் கேள்விக்கு வருகிறேன். ஜெயநகரில் இருபது ஆண்டுகள் தமிழும் கன்னடமும் கற்பித்தவன் என்ற முறையில், புளுகுக்குப் போகும் முன் பொய்யைத் தொட்டுவிட்டுப் போக விரும்புகிறேன், ஏனெனில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் வேறுபாடு தெரியும்.

பொய் மிகப் பழைய சொல். கற்பியலில் தொல்காப்பியர் "பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப" என்று சொல்லும்போது, திருமணச் சடங்கே பொய்யர்களால்தான் வந்தது என்கிறார். ஒருத்தியோடு பழகிவிட்டு 'இவளை நான் அறியேன்' என்றவர்கள் பெருகியதால் ஊரறியச் சாட்சி வைக்க வேண்டியதாயிற்று. ஆகப் பொய் என்பது அங்கேயே ஒருவருக்கு இழப்பை உண்டாக்கும் செயல். மழை பெய்யாமற் போவதையும் பொய்த்தல் என்கிறோம். வள்ளுவர் பதின்மூன்றாம் குறளில் "விண்ணின்று பொய்ப்பின்" என்கிறார். வானம் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ஆனாலும் நம்பியிருந்தவன் வயல் காய்ந்தது, ஆகவே அது பொய். மரப்பொந்துக்கும் பொய் என்று பெயர் உண்டு. வெளியே மரம், உள்ளே ஒன்றுமில்லை.

பெங்களூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு சுவையும் உண்டு. கன்னடத்தில் பொய்யைச் 'சுள்ளு' என்றுதான் தெருவில் சொல்வார்கள். ஆனால் பழைய கன்னடத்தில் 'புசி' என்றும் பிற்பட்ட கன்னடத்தில் 'ஹுசி' என்றும் ஒரு சொல் இருக்கிறது. "களபேட, கொலபேட, ஹுசிய நுடியலு பேட" என்னும் பசவண்ணரின் பன்னிரண்டாம் நூற்றாண்டு வசனம் கர்நாடகத்தில் பள்ளிக்குப் போன பிள்ளைகளுக்கு மனப்பாடம்: களவாடாதே, கொல்லாதே, பொய் பேசாதே. அந்த ஹுசியும் நம் பொய்யும் ஒரே வேரில் பிறந்தவை. தமிழில் யகரம் நிற்கும் இடத்தில் கன்னடத்தில் சகரம் நிற்பதைப் பெயர், ஹெசரு; உயிர், உசிரு; வயிறு, பசிரு என்ற வரிசையில் காணலாம். சொல்லின் முதலில் நிற்கும் பகரம் ஹகரமாவதைப் புலி, ஹுலி; பால், ஹாலு என்று பால் வாங்கப் போகும்போதே கேட்கலாம். இந்த இரண்டு மாற்றங்களையும் சேர்த்துப் பாருங்கள், பொய் ஹுசியாகிவிடும்.

புளுகுக்கு உறவு மேற்கே இருக்கிறது. மலையாளத்தில் 'புளு' என்றால் நம்ப முடியாத கதை. 'புளு அடிக்கிறான்' என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சிரித்துக்கொண்டே என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். தமிழிலும் புளுகுக்கு வந்து சேரும் அடைகளைப் பாருங்கள்: அண்டப்புளுகு, ஆகாசப்புளுகு, புளுகு மூட்டை. எல்லாமே அளவைப் பற்றியவை. 'பச்சைப் பொய்', 'கலப்படமற்ற பொய்', 'வாய்கூசாமல் சொன்ன பொய்' என்பவையோ சொன்னவனின் மனத்தைப் பற்றியவை. ஆகவே உங்கள் அம்மா சொன்னதில் மொழியின் நியாயம் இருக்கிறது. உங்கள் பெரியப்பா பெரிதாகச் சொல்கிறார், மறைக்கவில்லை.

இரவுப்பணி எழுதியது:

நான் பெங்களூரில் மனநல மருத்துவம் பார்ப்பவன். எவரையும் நேரில் பார்க்காமல் நோய்ப்பெயர் சூட்டுவதில்லை என்பதால் பெரியவரை விட்டுவிட்டு, அந்தப் பெயரின் வரலாற்றை மட்டும் எழுதுகிறேன்.

1891-இல் ஜெர்மானிய மனநல மருத்துவர் ஆன்டன் டெல்புரூக், தான் கண்ட ஐந்து பேரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர்களுள் ஒருத்தி ஆஸ்திரிய நாட்டு வீட்டுப் பணிப்பெண். அவள் ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் ஊர் ஊராகத் திரிந்து, ஓரிடத்தில் ருமேனிய இளவரசி, இன்னோரிடத்தில் ஸ்பெயின் அரச குடும்பத்துப் பெண், மற்றோரிடத்தில் ஏழை மருத்துவ மாணவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டாள். பணம் பறிப்பது மட்டும் நோக்கமாக இருந்தால் ஏழை மாணவராக நடிப்பானேன்? டெல்புரூக்கை உறுத்தியது அதுதான். பொய்யும் தன் நினைவே தன்னை ஏமாற்றுவதும் ஒன்றில் ஒன்று கலந்து, எது எங்கே முடிகிறது என்று சொன்னவருக்கே பிடிபடாத ஒரு நிலையைக் கண்டு, அதற்குச் 'சூடோலோஜியா ஃபண்டாஸ்டிகா' என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் சூடோஸ் என்பது பொய், லோகோஸ் என்பது சொல். கற்பனையில் விளைந்த பொய்ப்பேச்சு என்று விரிக்கலாம்.

பிரான்சில் எர்னஸ்ட் டூப்ரே 1905-இல் 'மித்தோமனி' என்ற சொல்லை உருவாக்கினார். கதையைக் குறிக்கும் மித்தோஸும் பித்தைக் குறிக்கும் மேனியாவும் சேர்ந்தது அது. இன்று பிரெஞ்சுக்காரர்கள் அண்டை வீட்டுக்காரரைத் திட்டுவதற்குக்கூட 'மித்தோமான்' என்கிறார்கள். மருத்துவர் செய்த சொல் தெருவுக்கு வருவது இப்படித்தான். அல்சூர் நண்பரின் வீட்டில் நடந்ததும் அதுவே. 1915-இல் அமெரிக்காவில் வில்லியம் ஹீலியும் மேரி டென்னி ஹீலியும் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே 'பேத்தலாஜிக்கல் லையிங்' என்ற தொடர் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் எந்த நோக்கத்துக்கும் சற்றும் பொருந்தாத அளவில் பொய் பெருகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த வரையறை.

ஒன்றைக் கவனியுங்கள். இத்தனை பெயர்கள் இருந்தும், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட மனநோய்களை வகைப்படுத்தும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இது தனி நோயாக இல்லை. வேறு சில நிலைகளின் ஒரு கூறாகவே பொய் அங்கே வருகிறது. ஆகவே அக்கா மகள் சொன்னது அறிவியல் பெயர்தானா என்றால், பாதி ஆம். நோய்ப்பட்டியலில் இடம் கிடைக்காமல் நூறாண்டுக்கு மேலாக வாசலில் நிற்கும் பெயர் அது.

பெரியவரின் சிறுத்தையைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தவர் வேறொருவர். ஜெர்மனியில் 1720 முதல் 1797 வரை வாழ்ந்த முன்ஷாவுசன் பிரபு, ரஷ்யப் படையில் இருந்து திரும்பி வந்து, விருந்தினர்களுக்குப் போர்க்கதைகளை அள்ளிவிட்டவர். குதிரையோடு சேற்றில் புதைந்தபோது தன் தலைமுடியைத் தானே பிடித்து மேலே இழுத்துக் குதிரையையும் காப்பாற்றியதாக அவர் பேரில் ஒரு கதை வழங்குகிறது. 1785-இல் ராஸ்பே என்பவர் அவர் பேரில் கதைகளை அச்சில் ஏற்ற, பிரபு ஐரோப்பா முழுவதற்கும் புளுகர் ஆனார். அதனால் அவர் மனம் நொந்ததாகச் சொல்வார்கள். பிறகு 1951-இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர், இல்லாத நோயைச் சொல்லி மருத்துவமனை மருத்துவமனையாக அலைபவர்களின் நிலைக்கு 'முன்ஷாவுசன் நோய்க்குறி' என்று பெயர் வைத்தார். விருந்துக்கு வந்தவர்களைச் சிரிக்க வைத்த மனிதர் இப்படி ஒரு நோய்க்குப் பெயரானார். இது அநியாயம் என்பது என் சொந்தக் கருத்து.

தங்கவயல் தம்பி எழுதியது:

கோலார் தங்கவயலில் பிறந்து இங்கே பெங்களூரில் குடியேறியவன் நான். எங்கள் ஊரில் பொய்க்குப் பஞ்சமே இருந்ததில்லை, அதற்கான சொற்களுக்கும். ரீல் விடுவது, கதை விடுவது, சரடு விடுவது, பீலா விடுவது, புருடா விடுவது, கப்ஸா விடுவது, உடான்ஸ் விடுவது என்று ஷிஃப்டு முடிந்து வருபவர்கள் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றைச் சொல்வார்கள். இவை எல்லாவற்றையும் நாம் 'விடுகிறோம்' என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பொய்யைச் 'சொல்கிறோம்'. பட்டத்தை விடுவது போல, கயிற்றை விடுவது போல இவற்றை மட்டும் விடுகிறோம். பார்ப்பதற்கு ஆள் இல்லாமல் எவனாவது பட்டம் விடுவானா?

கன்னட நண்பர்களும் 'புருடே பிடோது' என்கிறார்கள், அதிலும் விடுவதுதான். 'காகே ஹாரிஸோது' என்றும் சொல்வார்கள், காக்கையைப் பறக்கவிடுவது என்று. உடான்ஸ் என்பதிலும் இந்தியில் பறத்தலைக் குறிக்கும் 'உடான்' இருக்கிறது என்பார்கள். ஆக, மூன்று மொழியிலும் புளுகு வானத்தில்தான் திரிகிறது. ஆகாசப்புளுகு என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை.

பித்தலாட்டம் என்பது பித்தளையைத் தங்கமென்று காட்டி ஏமாற்றியதால் வந்தது என்று எங்கள் தாத்தா சொல்வார். தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர் சொன்னால் தவறாக இருக்குமா?

சொற்கிடங்கு எழுதியது:

தம்பி, 'விடுதல்' பற்றி நீங்கள் சொன்னது இந்த இழையிலேயே மிக நல்ல கவனிப்பு. இத்தனை ஆண்டுகள் வகுப்பில் வினைச்சொற்களைப் பற்றிப் பேசியும் எனக்குத் தோன்றாதது அது. 'சரடு', 'கயிறு திரித்தல்' ஆகியவற்றோடு, மணலைக் கயிறாகத் திரிப்பான் என்ற பழமொழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நூலே இல்லாமல் நூற்பதில்தான் திறமை இருக்கிறது. நாம் எழுதிக்கொண்டிருக்கும் இந்த இடத்துக்கும் இழை என்றே பெயர் வைத்திருக்கிறோம் என்பதை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆனால் பித்தளையில் உங்களோடு உடன்பட மாட்டேன். தாத்தாவின் தொழிலுக்கு மிகப் பொருத்தமாக அமைந்துவிட்ட விளக்கம் என்பதே அதைச் சந்தேகிக்க எனக்குப் போதுமான காரணம். சொற்பிறப்பைச் சொல்கிறவர்களில் புளுகர்கள் அதிகம். அவர்களுக்கும் ஆதாயம் எதுவும் இல்லை, கேட்பவர் முகம் மலர்ந்தால் போதும். இரண்டு சொற்கள் ஒலியில் நெருங்கினால் உடனே தாலி கட்டிவிடுவார்கள். புருடாவையும் கன்னட 'புருடே'யையும் கூட நான் அந்த அவசரத்தில் இணைக்க மாட்டேன். ஒலி ஒத்தால் மட்டும் போதாது. மேலே பொய்க்கும் ஹுசிக்கும் காட்டியது போல, வேறு பல சொற்களிலும் அதே மாற்றம் ஒழுங்காக நடந்திருக்க வேண்டும். 'புருடே' என்பது மண்டையோட்டையும் காய்ந்த சுரைக்குடுக்கையையும் குறிக்கும் கன்னடச் சொல் என்பதை மட்டும் ரசித்துக்கொள்வோம். பொய்க்குத் தமிழில் பொந்து, புளுகுக்குக் கன்னடத்தில் குடுக்கை. இரண்டுக்குள்ளும் ஒன்றும் இல்லை.

பருத்தித்துறையிலிருந்து எழுதியது:

நான் யாழ்ப்பாணத்துக்காரி, திருமணமாகி இந்திராநகருக்கு வந்து பதினெட்டு வருடமாகிறது. நீங்கள் எல்லோரும் புளுகைப் பற்றி எழுதுவதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. எங்களூரில் புளுகம் என்றால் மகிழ்ச்சி. பிள்ளை சோதனையில் சித்தியடைந்தால் 'தாய்க்குச் சரியான புளுகம்' என்போம். வந்த புதிதில் மாமியாரிடம், "உங்களைக் கண்டதில் எனக்குப் பெரிய புளுகம்" என்று சொல்லிவிட்டேன். அவர் அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பொய்யாக மகிழ்கிறேன் என்று விளங்கிக்கொண்டார் போலும். புளுகு என்று பொய்யையும் சொல்வோம்தான், ஆனால் தன்னைப் பற்றிப் பெரிதாகப் பேசிப் பூரிக்கிறவரைத்தான் முதலில் அது நினைவூட்டும்.

சொற்கிடங்கு எழுதியது:

அம்மா, உங்கள் பதிலைப் படித்ததும் எனக்கு வந்ததும் புளுகம்தான். சற்றுமுன் தம்பியைக் கண்டித்த வாயால் இரண்டையும் ஒரே வேர் என்று சொல்லிவிட ஆசையாக இருக்கிறது, அடக்கிக்கொள்கிறேன். வேர் எதுவானாலும், தமிழ் பேசும் ஒரு நிலப்பகுதியில் பெரிதாகச் சொல்வதும் மனம் பூரிப்பதும் ஒரே ஒலியில் வந்து உட்கார்ந்திருக்கின்றன என்பது என் பக்கத்துக்கு வலுச் சேர்க்கிறது. புளுகு என்பது சொல்கிறவர் மகிழ்ந்து, கேட்கிறவரும் மகிழ ஒப்புக்கொண்டு நடத்தும் செயல். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்ற பழமொழிகூட எட்டு நாள் தவணை கொடுக்கிறது. பொய்க்கு அந்தத் தவணை இல்லை. "தன்நெஞ்சே தன்னைச் சுடும்" என்று அன்றே சுடுகிறது.

ஆறாவது மெயின் எழுதியது:

இந்த இழையைப் படித்துவிட்டு இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். புளுகு மகிழ்ச்சியான சொல், கேட்பவரும் அதற்கு உடந்தை என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். என் தம்பியைப் பற்றிச் சொன்னால் அவனுக்கு எந்தச் சொல்லைத் தருவீர்கள் என்று கேட்க விரும்புகிறேன்.

அவன் ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தான். ஒருநாள் அந்த வேலை போய்விட்டது, எங்களிடம் சொல்லவில்லை. ஒரு வருடம் நான்கு மாதம், நான் காலையில் கட்டிக்கொடுத்த சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போய்க் கப்பன் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு மாலையில் வந்திருக்கிறான். இதுவரை எனக்குப் புரிகிறது. வெட்கப்பட்டான், மறைத்தான். அதைப் பொய் என்று சொல்லிவிட்டு மன்னிக்கவும் முடிகிறது.

ஆனால் அந்தக் காலத்தில் அவனுடைய மேலாளரின் மகளுக்குத் திருமணம் என்று ஒருநாள் வந்து சொன்னான். யாரும் கேட்கவில்லை. மாப்பிள்ளை மைசூரைச் சேர்ந்தவர், பல் மருத்துவர் என்றான். அழைப்பிதழை அலுவலகத்திலேயே வைத்துவிட்டேன் என்றான். நான் சிக்பேட்டைக்குப் போய் ஒரு சிறிய வெள்ளி விளக்கு வாங்கி, கடையிலேயே வண்ணக் காகிதம் சுற்றி வாங்கிவந்து கொடுத்தேன். திருமணத்துக்குப் போய்விட்டு வந்தவன் தாம்பூலப் பை ஒன்றைக் கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டினான். உள்ளே தேங்காய், வெற்றிலை, பாக்கு, ஒரு சிறிய மஞ்சள் பொட்டலம். பாயசத்தில் இனிப்புப் போதவில்லை என்று குறை வேறு சொன்னான். பிறகு வங்கிக் கடனுக்குச் சம்பளச் சீட்டுக் கேட்டபோது எல்லாம் வெளியே வந்தது. வீட்டை ஒழித்தபோது பரணில் அந்த விளக்கு காகிதம் பிரிக்காமல் இருந்தது.

அந்தத் திருமணத்தால் அவனுக்கு என்ன கிடைத்தது? வேலை போனதை மறைக்க அது தேவையே இல்லை. உண்மையில் அது ஆபத்தானது. நானும் வருகிறேன் என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பான்? அவன் தேங்காய் வாங்கக் கடைக்குப் போய் நின்றதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். இதைப் புளுகு என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் என்று சொன்னால் போதவில்லை. அதனால் அந்த மாணவி சொன்ன ஆங்கிலச் சொல்லைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. ஏதோ ஒரு பெயர் இருக்கிறதே என்றுதான் இருந்தது.

இரவுப்பணி எழுதியது:

சகோதரி, உங்கள் தம்பியைப் பற்றி இங்கே நான் தீர்ப்பு எழுத மாட்டேன். அவர் ஒரு மருத்துவரிடம் அமர்ந்து பேசியிருக்கிறார் என்றால் மகிழ்ச்சி, இல்லையென்றால் பேச வேண்டும். ஆனால் நீங்களே ஒரு கோடு கிழித்துக் காட்டியிருக்கிறீர்கள். பூங்காவில் உட்கார்ந்ததற்குக் காரணம் இருந்தது, திருமணத்துக்கு இல்லை என்றீர்கள். டெல்புரூக்கும் ஹீலி தம்பதியரும் பெயரிட முயன்றது இந்த இரண்டாவது வகையைத்தான். தேவையில்லாத இடத்தில், ஆபத்தை விலைக்கு வாங்கிக்கொண்டு, பல் மருத்துவர், மைசூர், இனிப்புப் போதாத பாயசம் என்று நுணுக்கங்கள் சேர்ந்துகொண்டே போகும் பொய்.

மூளை பாதிப்பால் நினைவு இழந்தவர்கள் நேற்று நடந்ததாக ஒன்றைச் சொல்வதும் உண்டு. ரஷ்ய மருத்துவர் கோர்சகோவ் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நீண்டகாலம் மது அருந்தியவர்களிடம் அதைக் கண்டு எழுதினார். அது பொய்யே அல்ல. சொல்பவருக்கு அது உண்மை, ஏனெனில் நினைவில் உள்ள பள்ளத்தை மனம் தானே நிரப்பிக்கொள்கிறது. உங்கள் தம்பி தேங்காய் வாங்கினார் என்பதால், நடக்காதது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆகவே இது அதுவும் அல்ல.

சொற்கிடங்கு எழுதியது:

ஆறாவது மெயின் சகோதரிக்கு நான் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறேன். கேட்பவர் ஒப்புக்கொண்டால்தான் புளுகு என்று எழுதிய நானே, ஒப்புக்கொள்ளாதவர்களைப் பற்றி யோசிக்கவில்லை. என் கருத்தை இப்படித் திருத்திக்கொள்கிறேன். பெரியவரின் சிறுத்தையைத் தேடி நந்திமலைக்கு யாரும் போகவில்லை. அதனால் அது புளுகு. நீங்கள் சிக்பேட்டைக்குப் போனீர்கள். விளக்கு வாங்கிய நிமிடத்தில், அது எவ்வளவு கற்பனை நிறைந்ததாக இருந்தாலும், பொய்யாகிவிட்டது. மழை பொய்த்தது என்று சொல்வதைப் போல, நம்பி நின்றவரின் பக்கத்திலிருந்துதான் அந்தச் சொல் பிறக்கிறது.

நோய் என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேத்தலாஜிக்கல் என்பதில் உள்ள 'பேத்தோஸ்' கிரேக்கத்தில் துன்பம், பட்ட வேதனை. நம் பழந்தமிழிலும் நோய் என்பது உடற்கேடு மட்டும் அல்ல. "நோயெல்லாம் நோய்செய்தார் மேலவாம்" என்ற குறளில் அது பிறருக்குச் செய்யும் துன்பம்; அகப்பாடல்களில் பிரிந்தவளின் வேதனை. அந்தப் பொருளில் எடுத்தால், நோயின் ஒரு பங்கு சொல்கிறவரிடமும் பெரும் பங்கு வீட்டில் சாப்பாடு கட்டிக்கொடுப்பவரிடமும் இருக்கிறது. ஆகவே அல்சூர் நண்பரின் இரண்டாம் கேள்விக்கு என் விடை 'பொய்ந்நோய்'. பொய்யும் நோயும் ஓசையிலும் பொருந்துகின்றன. புளுகுநோய் என்று யாராவது எழுதினால் நான் எதிர்ப்பேன்.

இரவுப்பணி எழுதியது:

பொய்ந்நோய் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனாலும் மருத்துவக் குறிப்பேட்டில் நான் அதை எழுதத் தயங்குவேன். நோய் என்று வந்துவிட்டால் தனி நோய் என்ற எண்ணம் வந்துவிடும். கையேடே அதை ஒப்புக்கொள்ளவில்லை என்று மேலே சொன்னேன். மித்தோமேனியாவை அப்படியே பெயர்த்துப் 'பொய்ப்பித்து' என்று சிலர் எழுதுகிறார்கள். அதில் இன்னொரு குழப்பம். இன்று மேனியா என்று மருத்துவர்கள் சொல்வது தூக்கமே இல்லாமல் மனம் மிகையாகப் பொங்கும் வேறொரு நிலையை. நான் 'நோக்கமற்றுப் பெருகும் பொய்' என்று ஒரு வரியாகவே எழுதிவருகிறேன். சுருக்கமாக இல்லை என்பதுதான் அதன் நன்மை. யாரும் யாரையும் அதைச் சொல்லித் திட்ட முடியாது.

தங்கவயல் தம்பி எழுதியது:

டாக்டர் ஐயா, எங்கள் ஊரில் முயன்றால் அதையும் சொல்லித் திட்டுவார்கள். 'டேய், நோக்கமற்றுப் பெருகு' என்று நாளைக்கே ஆரம்பித்துவிடலாம்.

சகோதரி, உங்கள் தம்பி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்கலாமா? விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

ஆறாவது மெயின் எழுதியது:

கேட்டதற்கு நன்றி. சேலத்தில் மாமாவின் கடையில் கணக்கு எழுதுகிறான். தொலைபேசியில் மழை பெய்கிறது என்று சொன்னால், நான் இன்னும் மாமாவிடம் ஒருமுறை கேட்டுக்கொள்கிறேன். விளக்கைப் பிரித்துச் சாமி மாடத்தில் வைத்துவிட்டோம். பொய்ந்நோய் என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, டாக்டர் ஒப்புக்கொள்ளாவிட்டாலும்.

அல்சூர் ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இந்த இழை முழுவதையும் அச்செடுத்து ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வாசித்தேன், சகோதரி எழுதியதை மட்டும் விட்டுவிட்டு. அக்கா மகள் குடும்பக் குழுவில் தான் போட்ட சொல்லை நீக்கிவிட்டு, 'புளுகர், உயர்திணை, மரியாதைப் பன்மை' என்று எழுதியிருக்கிறாள். அம்மா சமாதானமாகிவிட்டார்.

பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். தொல்காப்பியத்துக்கும் கன்னடத்துக்கும் அசையவில்லை. முன்ஷாவுசன் பிரபு தலைமுடியைப் பிடித்துச் சேற்றிலிருந்து மேலே வந்த இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்து, "குதிரை எத்தனை கிலோ இருக்கும்?" என்று கேட்டார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்றுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். தம்ளர் தரைக்கு வந்தது. விரல் அதைத் தொட்டுப் பார்த்தது. இம்முறை நந்திமலை அடிவாரத்தில் ஒரு சதுப்பு நிலம் இருந்தது. சைக்கிள் முதலில் புதைந்தது, பிறகு அவர் கழுத்து வரை புதைந்தார். எங்கள் பெரியப்பாவுக்கு முப்பது வயதிலேயே தலை வழுக்கை. ஆகவே அவர் சிறுத்தையின் வாலைப் பிடித்துக்கொண்டு கரையேறியிருக்கிறார், சைக்கிளோடு.